முள் இறங்கியதற்கு ஒரு தேங்காய்

கார் ஓட்டும் உரிமம் எனக்கு ஆறாவது தடவையில்தான் கிடைத்தது. ஐந்து தடவையும் ஒரே இடத்தில் தோற்றேன்: இரண்டு கம்புகளுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியை நுழைக்க வேண்டும், நான் கம்பை வண்டிக்குள் நுழைத்துவிடுவேன். ஐந்தாவது தோல்வியன்று, கடல் தாண்டி நாங்கள் குடியிருக்கும் ஈப்போவில், வீட்டுச் சாமி அறையில் அம்மா வேண்டிக்கொண்டாள், அடுத்த தடவை பையன் தேறிவிட்டால் திருச்செந்தூர் முருகனுக்கு வெள்ளியில் ஒரு கார் செய்து போடுவதாக. நான் தேறினேன். முருகன் தன் வேலையை முடித்துவிட்டார். எங்கள் வேலைதான் பதினொரு வருடம் கிடப்பில் கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதத்தில், தீப்பெட்டி அளவு வெள்ளிக் கார் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினேன். அம்மா பிறந்த ஊருக்கு நான் வருவது அதுதான் முதல் தடவை. பிளாட்பாரத்தில் எல்லோரும் அம்மாவைப் போலவே பேசினார்கள். டீ விற்றவர், மூட்டை தூக்கியவர், பயணச்சீட்டு கேட்டவர் எல்லோருமே! ஈப்போவில் அம்மா ஒருத்திதான் அப்படிப் பேசுவாள், நாங்கள் கேலி செய்வோம். இங்கே என் பேச்சுதான் கேலிக்குரியது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அம்மாவின் தங்கை கோமதி சித்தி ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மணி, நீ போட்டோல இத விட உசரமா இருந்தியேலே” என்றாள். பிறகு பக்கத்தில் நின்ற மனிதரைக் காட்டி, “இவன் மீரான். எட்டாங் கிளாஸ்ல எங்கிட்ட படிச்ச பய. கணக்குல அம்பதத் தாண்டல, ஆனா தங்கமான பய. மூணு நாளைக்கு இவன் வண்டிதான் நமக்கு” என்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் ‘பய’ வாய் நிறையச் சிரித்தார்.

மீரான் மேலப்பாளையத்துக்காரர். ஏழு வருடம் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்து, கையிலிருந்ததை எல்லாம் போட்டு ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். அரசு அதிகாரிகள் ஏறிப் போகும் அந்தக் குண்டு வெள்ளைக் கார்தான். வாங்கிப் பத்து நாள் ஆகிறது. நாங்கள்தான் அவருக்கு முதல் நீண்ட சவாரி.

நான் முன்சீட்டில் உட்கார்ந்ததும் என் கண் போனது வண்டியின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல்தான். கார் வாங்கும்போது கூடக் கொடுக்கும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் ஈப்போவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆறு தடவை முயன்று தேறியவனுக்கு இருக்கிற அறிவு ஒரே தடவையில் தேறியவனுக்கு வராது. வட்டத்தின் ஒரு மூலையில் சி, அதாவது குளிர்ச்சி. மறு மூலையில் எச், அதாவது சூடு. ஓடுகிற வண்டியில் முள் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மீரானின் முள்ளோ சி பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது.

“இது ஏன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது?” என்றேன்.

“அது அப்படித்தான் கெடக்கும் அண்ணாச்சி. வண்டி குளுகுளுன்னு ஓடுதுன்னுல்லா அர்த்தம்? ரேடியேட்டருக்குப் போற வழியில ஒரு வால்வு உண்டும். பழைய ஓனரு, நம்மூரு வெயிலுக்கு இது என்னத்துக்குன்னு கழத்திப் போட்டுட்டாராம். இங்கன பாதி வண்டியில அப்படித்தான்.”

நான் விடுவேனா? ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை பாடம் நடத்தினேன். இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அது போதுமான அளவு சூடாகும்வரை அந்த வால்வு மூடியிருக்கும், சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். வால்வு இல்லையென்றால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். எண்ணெய் இளகாது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் அதிகம். சூடு ஆகாது என்பதல்ல, அளவான சூடு வேண்டும் என்பதுதான் விஷயம்! மீரான் தலையாட்டிக்கொண்டே வந்தார். பின்சீட்டிலிருந்து சித்தி, “மணிப் பயலுக்கு என்னமா விளங்குது பாரு” என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும், நான் தரையில் நிற்கவில்லை.

அன்று மதியம் சித்தி வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும். தேங்காய்ப்பாலில் இத்தனை சாதுவாக ஒரு குழம்பு செய்ய முடியும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தத் தெம்பில் மீரானை இழுத்துக்கொண்டு ஓர் ஒர்க்ஷாப்புக்குப் போய்ப் புது வால்வு போடச் சொன்னேன். மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெயிலப் பத்தி வெளிநாட்டுல இருந்து வந்து எங்களுக்கே சொல்லுதீயளோ?” என்றாலும் போட்டுக் கொடுத்தார். கடைசியாக ரப்பர் குழாயின் கிளிப்பை அவர் முறுக்கிக்கொண்டிருந்தபோது, மீரான் இன்ஜினைக் கிளப்பிப் பார்க்க, முள் பைய எழுந்தது. நான் மெக்கானிக்கின் கையைப் பிடித்து இழுத்தேன். “முள்ளைப் பாருங்கள், முள்ளைப் பாருங்கள்!” நாங்கள் இருவரும் சன்னலுக்குள் தலையை விட, மூன்று பேருமாக முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்தோம். மெக்கானிக் கூடச் சிரித்துவிட்டார்.

இரண்டாம் நாள் பாபநாசம் போனோம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றை ஒட்டியே பாதை. எங்கள் ஊரில் சாலை என்றால் சாலை மட்டும்தான். இங்கே சாலையில் நெல் காய்கிறது, ஆடு படுக்கிறது, இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திக் குடும்ப விஷயம் பேசுகிறார்கள். ஹாரன் அடித்தால், “இருங்கவே, முடிச்சிட்டு வாரோம்” என்கிறார்கள். வழியெல்லாம் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தேன். ஏற்றத்தில் நடு, இறக்கத்தில் நடு, ஆட்டு மந்தைக்குள் கால்மணி நேரம் நின்றபோதும் நடு. ஒவ்வொரு மைலுக்கும் சித்திக்கு அறிவித்தேன். “போதும்லே, மலையப் பாரு” என்றாள்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறி, கல்லிடைக்குறிச்சியில் டீக்கு நிறுத்தினோம். வண்டிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. எங்கள் துணியிலிருந்து சொட்டியிருக்கும் என்று நினைத்தேன். சித்தி அப்பளக்கட்டு வாங்கப் போயிருந்தாள். அங்கேதான் மீரான் தன் கதையைச் சொன்னார்.

“வார வெள்ளிக்கெழமைக்குள்ள திரும்பிப் போவலேன்னா சவூதி விசா செல்லாது அண்ணாச்சி. வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டா. பெட்டி பீரோ மேல இருக்கு. அத இறக்கவும் மாட்டேங்கா, ஒளிச்சு வைக்கவும் மாட்டேங்கா. அண்ணாந்து பாத்துட்டுப் போயிருதா. மவ ஆமினாவுக்கு நாலு வயசு. அவ பொறந்ததுல இருந்து நான் கேசட்டுலதான் பேசி அனுப்புவேன். அதனால அவளுக்கு டேப் ரெக்கார்டருதான் வாப்பா. பெத்த அப்பன ‘மாமா’ங்கா.”

நான் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

“இந்த மூணு நாளு வண்டி நல்லா ஓடிருச்சுன்னா இங்கனயே இருந்துருவோம்னு மனசுல வச்சிருக்கேன். இஞ்சினு போச்சுன்னா நம்ம நசீபு, தலையெழுத்து, அவ்வளவுதான். மறுபடியும் தண்ணி லாரி, மறுபடியும் கேசட்டு.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆனா நீங்க வந்தது நல்லதாப் போச்சு. முள்ளு ஜம்முனு நடுவுல நிக்கு” என்றார். எனக்கு நெஞ்சு விம்மியது. ஒரு குடும்பத்தையே வால்வு போட்டுக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் திருச்செந்தூர். விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பினோம். சித்தியின் மடியில் அர்ச்சனைக் கூடை, அதில் இரண்டு தேங்காய். காலடியில் புளியோதரைத் தூக்கு. செய்துங்கநல்லூர் தாண்டி இரண்டு பக்கமும் வாழையும் வயலும், சாலையோடு கூடவே ஓடிவரும் வாய்க்கால். நான் எட்டுக்கட்டையில் பாடிக்கொண்டு வந்தேன். சித்தி தாளம் போட்டாள்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் முள் நடுவை விட்டு நகர்ந்தது. பாட்டு நின்றது. முள் ஒரு நூல் ஏறியது, இன்னொரு நூல் ஏறியது, பிறகு கூச்சநாச்சமில்லாமல் எச் பக்கம் போய் முட்டியது. “நிறுத்தலாமா?” என்றேன். எங்களுக்கு முன்னால் வாழைத்தார் லாரி, பின்னால் ஹாரனை அழுத்திக்கொண்டு நெருக்கி வரும் பஸ். ஒதுங்க இடமில்லை. மீரானின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. சித்தி கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: “முருகா, முள்ளு இறங்கிருச்சுன்னா இந்தத் தேங்காய உடைக்கேன்!”

ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்காது, முள் ஒரு முறை நடுங்கியது, இறங்கியது. சும்மா இல்லை, மடமடவென்று. நடுவைத் தாண்டி, சி பக்கத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

காருக்குள் நாங்கள் போட்ட கூச்சலில் பஸ்காரர் பயந்து ஹாரனை விட்டுவிட்டார். மீரான் “அல்ஹம்துலில்லா!” என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் உடனே விளக்கம் சொன்னேன்: கடல் நெருங்குகிறது, எதிர்காற்று ரேடியேட்டரில் நேராக அடிக்கிறது, தண்ணீர் குளிர்ந்துவிட்டது, இனிமேல் பயமில்லை. “விடுங்கள் மீரான், வேகமாக விடுங்கள்! காற்று இன்னும் நன்றாக அடிக்கும்!”

“நிறுத்துலே” என்றாள் சித்தி.

“எதுக்கு டீச்சர்? இறங்கிருச்சே!”

“இறங்கிருச்சு, அதனாலதான். உடைக்கேன்னு சொல்லியாச்சு. அந்தா அங்கன பிள்ளையார் இருக்காரு பாரு.”

“நீங்கள் வேண்டிக்கொண்டது முருகனிடம்” என்றேன் நான். “திருச்செந்தூரிலேயே உடைக்கலாமே. இன்னும் அரைமணி நேரம்தான்.”

“முள்ளு இறங்கி அரைமணி நேரம் கழிச்சா உடைப்பாங்க? அண்ணங்கிட்ட குடுத்தா தம்பிக்குச் சேந்துரும். நிறுத்து.”

முப்பது வருடம் வகுப்பெடுத்த குரல் அது. மீரானின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு வழிவிட்டு, வாய்க்கால் கரையில் அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி அணைத்தார். இன்ஜின் அணையவில்லை. சாவி அவர் கையில் இருக்கிறது, வண்டி தானாக உறுமுகிறது, குலுங்குகிறது. நாலைந்து முறை அப்படி உதறிவிட்டுத்தான் நின்றது. பிறகு ஒரு தீய்ந்த வாடை வந்தது.

முள்ளைப் பார்த்தேன். சியில் சமர்த்தாகப் படுத்திருந்தது.

மீரான் இறங்கி ஓடி, துண்டைச் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்கினார். ஆவி இல்லை, புகை இல்லை, ஒரு சத்தமும் இல்லை. சித்தி இதையெல்லாம் கவனிக்காமல் தேங்காயைக் கல்லில் அடித்தாள். அது சரிபாதியாக உடைந்து, ஒரு மூடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அதோடு எங்களிடம் வந்தவள், பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, “என்னலே, தோசைக்கல்லு மாதிரி அனல் அடிக்கி?” என்றாள். தோசைக்கல் என்று சொன்னதும் கை பழக்கத்தில் தோசை சுடுகிறவள் செய்வதைச் செய்துவிட்டது: மூடியிலிருந்து நாலு சொட்டு எடுத்து இன்ஜின் தலையில் தெளித்தாள்.

சுர்ரென்று துள்ளி உருண்டு மறைந்தன நாலு சொட்டும்.

மூன்று பேரும் இன்ஜினைப் பார்த்தோம். பிறகு உள்ளே முள்ளைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“ஏ மணி,” என்றாள் சித்தி பைய, “அந்த முள்ளு எதோட சூட்டச் சொல்லுது? இஞ்சினோடதா, தண்ணியோடதா?”

“தண்ணீருடையது. உள்ளே ஒரு காம்பு தண்ணீரில் முங்கியிருக்கும். அதுதான்…”

“தண்ணி எங்க?”

தண்ணீர் எங்கே? வழியெல்லாம் சொட்டித் தீர்ந்துவிட்டது. காம்பு இப்போது வெறும் காற்றில் தொங்குகிறது. சொல்வதற்குத் தண்ணீரே இல்லாததால் முள் படுத்துவிட்டது.

“காச்சக்காரன் வாயில இருந்து தெர்மாமீட்டர உருவிட்டா காச்ச இறங்கிருமாலே?” என்றாள் சித்தி. “நாம அதுக்குத் தேங்கா உடைச்சிருக்கோம்.”

நான் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன். அதில் இது இல்லை.

மீரான் குழாயைத் தடவிக்கொண்டே போனார். வால்வுக்குப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. கிளிப் தொளதொளவென்று ஆடியது. நேற்று முன்தினம் மெக்கானிக் அதை முறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கையைப் பிடித்து இழுத்தது யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். “நான்தான் மீரான்” என்றேன். “முடிக்க விடாமல் இழுத்தது நான்தான்.” அவர் திட்டியிருந்தால் தேவலை. வாய்க்கால் கரையில் போய்க் குத்தவைத்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த வாய்க்காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், அதுவும் பிரயோசனமில்லை.

வாழைத்தோட்டத்திலிருந்து ஓர் அண்ணாச்சி குடம் நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தார். “வண்டி காஞ்சிருச்சோ? தள்ளுங்க, தள்ளுங்க, ஊத்திருவோம்!” மீரான் எறிந்த பந்து மாதிரி எழுந்து வந்தார். “ஊத்திராதீய அண்ணாச்சி! சுட்ட சட்டியில பச்சத் தண்ணி பட்டா விரிஞ்சிரும்!” அண்ணாச்சிக்கு உதவி செய்தே தீர வேண்டும். மீரானைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தார். நான் ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். குடம் என் தலையில் கவிழ்ந்தது. பாபநாசத்தில் குளித்த அதே தாமிரபரணியில் இன்னொரு தடவை குளித்தேன். அண்ணாச்சி, “சரி, ஆளாவது குளுந்தாரே” என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

இன்ஜின் ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சித்தி வாழை இலை வாங்கி நாலு பேருக்கும் புளியோதரை வைத்தாள். அதைப் போல ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை, அதைப் போல விழுங்க முடியாத ஒன்றையும் சாப்பிட்டதில்லை. மீரான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய் இன்ஜினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். “கை தாங்குது” என்றார் கடைசியில்.

தோட்டத்து அண்ணாச்சியின் தார் வெட்டும் கத்தியை வாங்கி, அதன் முனையால் கிளிப்பின் திருகாணியை முறுக்கினார் மீரான். சித்தியின் துண்டில் வடிகட்டி, வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பிறகு மீரான் உட்கார்ந்து, “பிஸ்மில்லா” என்று சாவியைத் திருப்பினார். கர் கர் கர். நின்றது. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி கர் கர். பிறகு, ஆசீர்வாதம் மாதிரி, அந்தப் பழைய குண்டுச் சத்தம் பிடித்துக்கொண்டது. இழுப்பில்லை, தட்டல் இல்லை. மீரான் கீழே இறங்கி வந்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. “சூடு ஏறுது அண்ணாச்சி! தண்ணி ஓடுது!” என்று கத்தினார். உள்ளே முள் பைய எழுந்து நடுவில் நின்றது. நாங்கள் நாலு பேரும் கைகோத்துக் குதித்தோம். அறுபது வயதுக் கணக்கு டீச்சரும் குதித்தாள்.

“இன்னொரு அஞ்சு நிமிசம் ஓட்டியிருந்தா இஞ்சினு இறுகிப் போயிருக்கும்” என்றார் மீரான், ஏறி உட்கார்ந்ததும். “நீங்க நிறுத்தச் சொன்னீயளே டீச்சர்!”

“தப்பான காரணத்துக்குத்தான்லே நிறுத்தினேன்” என்றாள் சித்தி. “விடை சரி, வழி தப்பு. மார்க்கு பாதிதான்.”

திருச்செந்தூர்க் கோயில் உண்டியலில் வெள்ளிக் கார் நுழையவில்லை. மூக்கைக் காட்டி நுழைத்தேன், பக்கவாட்டில் நுழைத்தேன், கூரை இடித்தது. பின்னால் வரிசை நீண்டது. “பொறத்தால திருப்பி விடுலே” என்றாள் சித்தி. பின்பக்கமாக நுழைத்தேன். ஒரே தடவையில் போய்விட்டது! முருகனுக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. சாயங்காலம் பூத்திலிருந்து ஈப்போவுக்குப் போன் போட்டபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, “உள்ள விழுந்துச்சாலே?” என்பதுதான்.

மறுநாள் மதியம் மீரான் வீட்டில் விருந்து. எனக்கு நெய்ச்சோறும் கறியும். கறி தொடாத சித்தி தன் பங்குக்குத் தூக்கில் சொதி கொண்டுவந்து, அதையே மீரானின் மனைவிக்கும் பரிமாறினாள். நான் உள்ளே நுழைந்ததும் பீரோவின் மேலே பார்த்தேன். பெட்டியைக் காணோம். கிளம்பத் தயாராகிவிட்டாரா?

பெட்டி தரையில், சன்னலோரம் கிடந்தது. மூடி திறந்து சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே துணிமணி ஏதுமில்லை. நாலு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, ஒரு தட்டை ஸ்டியரிங் போலப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். மூடியின் உட்புறத்தில் சாக்பீஸால் ஓர் அரைவட்டம், அதில் நேராக ஒரு கோடு.

“வெளையாடக் கேட்டா, இறக்கிக் குடுத்தேன்” என்றார் மீரானின் மனைவி, யாரையும் பார்க்காமல். “இனிமே அது என்னத்துக்கு மேல கெடக்கணும்?”

அலமாரியில் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஆமினா அதைப் பார்க்கவில்லை.

“வாப்பா, ஏறுங்க” என்றாள் மீரானிடம். “முள்ளு நடுவுல நிக்கு.”

மீரான் வந்து, மண்டி போட்டு, பெட்டிக்குள் ஒரு முழங்காலை வைத்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“முள்ள மட்டும் நம்பக் கூடாது தாயி. கைய வச்சுப் பாக்கணும்” என்று மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“சூடு சரியா இருக்கு,” என்றார். “போவோம்.”